டேவிட் ஸ்மித்: பட்டறைச் சிற்பியும் சுரண்டப்பட்ட பெயின்ட்டும்

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே 300 கிலோமீட்டருக்கும் அப்பால், அடிரான்டாக் மலைப்பகுதியில், ஜார்ஜ் ஏரியை ஒட்டி போல்டன் லேண்டிங் என்றொரு சிற்றூர். அங்கே 1940 முதல் 1965 வரை 'டெர்மினல் அயர்ன் ஒர்க்ஸ்' என்ற பெயரில் ஒரு பட்டறை நடந்தது. ஆக்சிஜன் சிலிண்டர், வெல்டிங் இயந்திரம், கிரைண்டர், அடுக்கி வைத்த எஃகுத் தகடுகள் என இரும்புப் பட்டறைக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் இருந்தன. ஆனால் அங்கே யாரும் கேட்டும் கிராதியும் செய்து விற்கவில்லை. முதலாளியும் தலைமை வெல்டருமான டேவிட் ஸ்மித் சிற்பம் செய்தார். செய்ததை வீட்டைச் சுற்றியிருந்த வயல்களில் வரிசையாக நிறுத்தினார். 1965 மே மாதம் அவர் இறந்தபோது எண்பதுக்கும் மேற்பட்ட உலோகச் சிற்பங்கள் அந்த வெளியில் நின்றுகொண்டிருந்தன.

இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிற்பத்தைப் பற்றி எழுதும் எவரும் ஸ்மித்தை விட்டுவிட்டு எழுத முடியாது. இதில் விமர்சகர்களுக்குள் பெரிய தகராறு இல்லை. தகராறு வேறொரு கேள்வியில். அவர் செய்ததில் எதுவரை சிற்பம்? எஃகுத் துண்டுகள் சேர்ந்து நிற்கும் வடிவம் மட்டுமா? அதன்மேல் அவர் பூசிய நிறமும் கிரைண்டரால் கீறிய கீறலும் சேர்ந்ததா? அது நின்ற நிலமும் வானமும்கூட அதில் அடங்குமா? வடிவமே போதும் என்று நம்பிய ஒருவர், ஸ்மித் இறந்தபின் சில சிற்பங்களின் பெயின்ட்டையே எடுக்கச் சொன்னார். அந்த விவகாரத்தின் கனம் புரிய வேண்டுமானால், வெல்டிங் எப்படிச் சிற்பக்கூடத்துக்குள் நுழைந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மேற்கில் உலோகச் சிற்பம் என்றால் நெடுங்காலம் வெண்கல வார்ப்புதான். சிற்பி களிமண்ணிலோ பிளாஸ்டரிலோ உருவம் செய்து கொடுப்பார். வார்ப்புக்கூடம் அதை வெண்கலமாக்கும். சுவாமிமலையில் மெழுகில் உருவம் பிடித்து, மண் பூசி, உலோகம் ஊற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி: உருவம் முதலில் வேறொரு பொருளில் பிறந்துவிடுகிறது, உலோகம் பிறகு வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. வெல்டிங்கில் அந்த நடுப்படி கிடையாது. தகட்டை வெட்டலாம், கம்பியை வளைக்கலாம், ஒட்டலாம். பிடிக்கவில்லையென்றால் அறுத்தெடுத்து வேறிடத்தில் ஒட்டலாம். அச்சு என்ற ஒன்றே இல்லாததால் நகல் எடுக்கவும் வழியில்லை. செய்தது ஒன்றே ஒன்றுதான்.

இந்த வேலையைச் சிற்பத்துக்குக் கொண்டுவந்த பெருமை ஹூலியோ கொன்சாலஸைச் சேரும். பார்சிலோனாவில் உலோக வேலைக் குடும்பத்தில் பிறந்தவர். 1918-ல் பாரிஸை ஒட்டிய ரெனோ தொழிற்சாலையில் வேலை செய்தபோது கேஸ் வெல்டிங் கற்றுக்கொண்டார். பத்தாண்டு கழித்து, கவிஞர் அப்போலினேருக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்ய முயன்றுகொண்டிருந்த பிக்காசோவுக்கு இரும்பு வேலை தெரிந்த ஆள் தேவைப்பட்டது. கொன்சாலஸ் கைகொடுத்தார். 1928-க்கும் 1932-க்கும் இடையில் அந்த இருவர் கூட்டில் பிறந்த இரும்பு உருவங்கள் பிரெஞ்சுக் கலை இதழ்களில் படங்களாக வெளிவந்தன. அந்த இதழ்களில் ஒன்றான 'காயே தார்' நியூயார்க்கில் ஓர் இளம் ஓவியர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கொடுத்தவர் கீவ் நகரிலிருந்து குடியேறிய ஓவியர் ஜான் கிரஹாம். வாங்கிப் பார்த்தவர் டேவிட் ஸ்மித். அவருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. படங்களே போதுமானதாக இருந்தன, ஏனென்றால் படத்தில் இருந்த வேலையை அவர் கை ஏற்கெனவே அறிந்திருந்தது.

ஸ்மித் 1906 மார்ச் 9 அன்று இண்டியானா மாநிலத்து டெகேட்டரில் பிறந்தார். தந்தை தொலைபேசி நிறுவனத்தில் பணி, ஓய்வு நேரத்தில் ஏதாவது கருவி கண்டுபிடிக்கும் ஆசை. தாய் பள்ளி ஆசிரியை. முன்னோரில் ஒருவர் கொல்லர் என்பதை ஸ்மித் பிற்காலத்தில் பெருமையோடு சொல்லிக்கொள்வார். கல்லூரிப் படிப்பு ஒட்டவில்லை. 1925 கோடையில் சவுத் பெண்ட் நகரின் ஸ்டூடிபேக்கர் கார் தொழிற்சாலையில் சேர்ந்து ரிவெட் அடித்தார், லேத் ஓட்டினார், வெல்டிங் செய்தார். கலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; சம்பளத்துக்காகப் பார்த்த வேலை. அடுத்த ஆண்டு நியூயார்க் வந்து ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீகில் ஓவியம் படிக்கத் தொடங்கினார். நியூயார்க்கில் சந்தித்த டோரதி டெனரை 1927 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மணந்தார். யான் மட்டூல்கா என்ற ஆசிரியரிடம் கியூபிசம் கற்றபோது அவருடைய ஓவியத் துணிமேல் மரத்துண்டு ஏறியது, பிறகு வேறு பொருள்கள் ஏறின. கடைசியில் துணி வெறும் பீடமாகிவிட்டது. ஸ்மித் ஓவியத்தைக் கைவிட்டுச் சிற்பத்துக்குத் தாவினார் என்று சொல்வது சரியில்லை. ஓவியமே தடித்துச் சிற்பமானது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பிற்பாடு நடந்த நிறச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று தீர்மானிப்பது எளிது.

1933-ல் முதல் வெல்டிங் சிற்பங்களைச் செய்தார், மனிதத் தலைகள். தீப்பொறி பறக்கும் வேலையை நகரத்துக் குடியிருப்பில் வைத்துச் செய்வது ஆபத்து. புரூக்ளின் துறைமுகக் கரையில் டெர்மினல் அயர்ன் ஒர்க்ஸ் என்ற இரும்புப் பட்டறை இருந்தது. பிளாக்பர்ன், பக்ஹார்ன் என்ற இருவர் நடத்தியது. 1934-ல் ஸ்மித் போய் இடம் கேட்டார், கொடுத்தார்கள். கப்பல் பழுதுபார்ப்பவர்களுக்கும் கொல்லர்களுக்கும் நடுவே ஒரு மூலையில் அவர் வேலை நடந்தது. 1929-லேயே டோரதியும் அவரும் வாங்கிப் போட்டிருந்த போல்டன் லேண்டிங் பண்ணைக்கு 1940-ல் நிரந்தரமாகக் குடிபோனபோது, அந்தப் பட்டறையின் பெயரையும் கூடவே எடுத்துப் போனார். கலைக்கூடம் என்று பெயர் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

அந்தத் துறைமுகப் பட்டறைக்கு அவர் செலுத்திய மரியாதை ஒரு சிற்பமாகவே இருக்கிறது: 1949-50-ல் செய்த 'பிளாக்பர்ன்: ஓர் ஐரிஷ் கொல்லனின் பாட்டு'. ஸ்மித்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. நேர் முன்னால் நின்றால் ஒரு பெரிய திறந்த சட்டம். நடுவே பெரும்பாலும் வெறும் காற்று. இரும்புத் துண்டுகள் விளிம்போரமாகச் சிதறிக் கிடக்கும். சற்று நகர்ந்து பக்கவாட்டுக்கு வந்தால் அந்தச் சட்டமே காணாமல் போய்விடும். துண்டுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, இடுக்கில் சிக்கியவைபோல அடர்த்தியான தூணாகும். முன்பக்கத்தை வைத்துப் பக்கவாட்டை ஊகிக்கவே முடியாது. ஸ்மித்தை முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்து, 1971-ல் 'டெர்மினல் அயர்ன் ஒர்க்ஸ்' என்றே தலைப்பிட்டு நூல் எழுதிய ரோசாலிண்ட் கிராஸ் இந்தப் பண்பைத்தான் மையமாக எடுத்துக்கொண்டார். சுற்றி வந்தால் முழு உருவம் மனத்தில் கூடிவிடும் என்பது பழைய சிற்பத்தின் வாக்குறுதி. ஸ்மித் அதைக் காப்பாற்ற மறுக்கிறார் என்பது அவர் வாதம்.

முப்பதுகளின் பிற்பகுதியில் ஸ்மித் நேரடி அரசியலில் இறங்கினார். ஐரோப்பியப் பயணத்தில் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்த முதல் உலகப் போர்க்கால ஜெர்மானியப் பதக்கங்களும் சுமேரிய முத்திரைகளும் தூண்ட, 1937 முதல் 1940 வரை 'அவமானப் பதக்கங்கள்' என்று 15 வெண்கலத் தகடுகளைச் செய்தார். போரில் லாபம் பார்ப்பவர்களுக்கு அவர் வழங்கிய விருதுகள் அவை. உள்ளடக்கம் நெருக்கியடிக்கும் வேலை. வரலாற்றில் முக்கியம், சிற்பமாக அவருடைய சிறந்த வேலை என்று சொல்ல முடியாது.

போர் வந்தபோது அதே கை டாங்கி செய்யப் போனது. 1942 முதல் 1944 வரை ஸ்கெனெக்டடி நகரில் அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனியில் எம்-7 பீரங்கி வண்டிகளுக்கும் ரயில் என்ஜின்களுக்கும் வெல்டிங் செய்தார். கவசத் தகட்டு வெல்டிங்கில் முதல்நிலைத் தகுதி பெற்றிருந்தார். சிற்பத்துக்கு நேரமில்லாத ஆண்டுகள் என்று வாழ்க்கைக் குறிப்புகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. உண்மையில் கனத் தகட்டைக் கையாளும் தைரியம் அங்கேதான் வந்தது. முப்பதுகளில் கைக்கடக்கமாக இருந்த அவர் சிற்பங்கள் பிறகு ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்ததற்குக் கலைக் கொள்கையைப் போலவே அந்த ஷிப்ட் வேலைக்கும் பங்கு உண்டு.

இன்னொரு காரணம் பணம். எஃகு விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள். சிற்பங்கள் விற்கவில்லை. 1950-லும் அதற்கடுத்த ஆண்டும் கிடைத்த குகன்ஹைம் நல்கை அவருக்கு முதல்முறையாகக் கணக்குப் பார்க்காமல் இரும்பு வாங்கும் வசதியைக் கொடுத்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் வந்தவற்றைப் பாருங்கள்: 'கடிதம்', 'ஹட்சன் நதி நிலக்காட்சி', 'ஆஸ்திரேலியா'. மூன்றும் கம்பியாலும் மெல்லிய பட்டையாலும் வெளியில் போட்ட கோடுகள். மூன்றும் அமெரிக்கச் சிற்பத்தின் போக்கை மாற்றியவை.

இவற்றில் 'ஹட்சன் நதி நிலக்காட்சி' பிறந்த விதம் சுவையானது. சாரா லாரன்ஸ் கல்லூரியில் பாடம் எடுப்பதற்காக ஸ்மித் நாற்பதுகளின் கடைசியில் ரயிலில் போய்வந்துகொண்டிருந்தார். தண்டவாளம் நதியோரமாகவே போகும். ஆல்பனிக்கும் பொகீப்ஸிக்கும் இடைப்பட்ட சுமார் 75 மைல் தூரத்தில், ஜன்னல் வழியே கண்டதை வரைந்துகொண்டே வந்தார். பனி உருகும் கரை, மேகம், மலைச்சரிவு. அந்தச் சித்திரங்களையெல்லாம் தொகுத்து ஒரு சிற்பத்துக்காக வரைந்துகொண்டிருந்தபோது, மை புட்டியைக் குலுக்க, மை கையில் தெறித்துவிட்டது. அந்தத் தெறிப்பு அவருக்கு நிலக்காட்சியாகவே தோன்ற, மைக்கையைத் தாளில் பதித்து, பதிந்த உருவத்திலிருந்து மேலே தொடர்ந்தாராம். அவரே எழுதி வைத்த தகவல் இது. சிற்பத்தின் முன் நின்றால் படிக்கட்டுபோல் ஏறும் கோடுகள், சுருண்டு ஓடும் கம்பி, நடுவே நடுவே சிறு எஃகுத் துண்டுகள். நதியைக் காட்டும் சிற்பம் என்றும் சொல்லலாம்; நகரும் ரயிலிலிருந்து பார்க்கும் கண்ணைக் காட்டும் சிற்பம் என்றும் சொல்லலாம். நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் இருக்கிறது. அருவச் சிற்பம் என்றால் உலகத்தோடு ஒட்டும் உறவும் இல்லாதது என்று நினைப்பவர்களுக்கு இது ஒன்றே பதில்.

அதே ஆண்டுகளில் 'அக்ரிகோலா' வரிசை தொடங்கியது. லத்தீனில் உழவன் என்று பெயர். மூலப்பொருளும் உழவர்கள் கழித்துப் போட்ட கருவிகளின் உறுப்புகள். 1952-ல் தொடங்கிய 'டேங்க்டோட்டம்' வரிசைக்குக் கொதிகலன் தொட்டிகளின் மூடித் தகடுகளைப் பட்டியல் பார்த்து வாங்கினார். ஒன்று காயலான் கடைச் சரக்கு, மற்றொன்று தொழிற்சாலைப் புதுச் சரக்கு. இரண்டிலும் அவர் விருப்பம் ஒன்றுதான்: தனக்கென்று ஒரு வேலையும் வரலாறும் உள்ள இரும்பு வேண்டும். வெண்கலத்துக்கு ஏற்கெனவே கலைவரலாறு இருக்கிறது. எஃகுக்கு இல்லை, எஃகு இந்த நூற்றாண்டின் கட்டடத்துக்கும் வேகத்துக்கும் அழிவுக்கும் சொந்தமான பொருள் என்ற கருத்தை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

1962-ல் அந்த விருப்பத்துக்கு விருந்தே கிடைத்தது. இத்தாலியின் ஸ்போலெட்டோ நகரில் இசையமைப்பாளர் ஜான் கார்லோ மெனோட்டி நடத்திய கலைவிழாவுக்கு ஒன்றிரண்டு சிற்பம் செய்து தரும்படி அழைப்பு. வேலை செய்ய இடம் கொடுத்தது இட்டால்சைடர் என்ற எஃகு நிறுவனம்: ஜெனோவாவை அடுத்த வோல்ட்ரியில் கைவிடப்பட்டுக் கிடந்த ஆலைகள். துணைக்குச் சில தொழிலாளர்கள். அவர்கள் மொழி இவருக்குத் தெரியாது. ஆலைக்குள் போன ஸ்மித் கண்டது, விட்டுப்போன தலைமுறைகளின் சாமான்கள்: கொல்லுலை இடுக்கிகள், ஸ்பேனர்கள், வண்டிச் சக்கரங்கள், அச்சுகள், வேலைமேசைகள். தகடு உருட்டும்போது முனையில் ஒழுங்கில்லாமல் பிதுங்கும் பகுதியை வெட்டி எறிவார்கள்; அந்தக் கழிவுத் துண்டுகளுக்கு அவர் மேகம் என்று பெயர் வைத்தார். ஒன்றிரண்டு கேட்ட இடத்தில் 30 நாளில் 27 சிற்பங்கள் செய்து முடித்தார்.

'வோல்ட்ரி 6' இந்த வேகத்தின் நல்ல சாட்சி. இரும்புச் சக்கரம் பூட்டிய ஒரு பெரிய இடுக்கி, அதன்மேல் நிமிர்ந்த இரண்டு மேகங்கள். அவ்வளவுதான். எடுத்துவைத்த பொருள் ஒவ்வொன்றும் தன் பழைய தொழிலை மறைக்காமல் காட்டுகிறது. ஆனாலும் மொத்தத்தில் ஏதோ பெயர் தெரியாத ஊர்வலத்தின் வண்டிபோல் நிற்கிறது. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள 'வோல்ட்ரி 7' இன்னொரு வண்டி, அதில் ஐந்து உருவங்கள் நிற்கின்றன. ஸ்மித்துக்கு இன்னும் பெரிய கனவு இருந்தது. ரயிலின் திறந்த சரக்கு வண்டி ஒன்றையே பீடமாக்கி, அதில் பழைய இயந்திரங்களை ஏற்றி, ஸ்போலெட்டோவரை தண்டவாளத்திலேயே கொண்டுபோக வேண்டும் என்று. நிறைவேறவில்லை. சிற்பங்களை ஸ்போலெட்டோவின் ரோமானியத் திறந்தவெளி அரங்கின் கற்படிகளில் நிறுத்தினார்கள். உகோ முலாஸ் எடுத்த புகைப்படங்களில் அவை இரண்டாயிரம் ஆண்டுப் படிகளில் உட்கார்ந்து நாடகம் பார்க்கும் கூட்டம்போலத் தெரிகின்றன. விழா முடிந்ததும் மிச்சமிருந்த கருவிகளையும் துண்டுகளையும் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பச் செய்து, 'வோல்ட்ரி-போல்டன்' என்று இன்னொரு வரிசையைத் தொடங்கினார்.

பொதுவாக ஸ்மித்தின் உச்சம் என்று எல்லோரும் காட்டுவது 'க்யூபி' வரிசையை. 1961-க்கும் 1965-க்கும் இடையில் செய்த 28 எவர்சில்வர் சிற்பங்கள். தகடுகளை வெல்டிங் செய்து உள்ளீடற்ற பெட்டிகளும் உருளைகளும் ஆக்கி, அவற்றை விழுந்துவிடும்போன்ற கோணங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துவது முறை. முன்னோட்டம் பார்க்க அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பார்ப்பார். பலவும் பத்தடி உயரம்.

படத்தில் பார்த்தால் க்யூபி வெறும் கனசதுர விளையாட்டாகத் தெரியும். பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முகத்தையும் சுழல் கிரைண்டரால் தேய்த்திருக்கிறார். கண்ணாடிபோல் மழமழப்பாக்குவதற்காக அல்ல. கிரைண்டர் தூரிகைபோல வீச்சுவீச்சாக ஓடியிருக்கிறது. வட்டங்கள், எட்டுகள், அவசரக் கிறுக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொரு கீறலும் ஒளியை வேறு பக்கம் திருப்பி அனுப்புகிறது. நாம் ஓரடி நகர்ந்தால் கீறல்கள் எல்லாம் நகர்கின்றன. வெயிலில் தகட்டின் பரப்பே கரைந்து, எஃகுக்குள் ஒளி மிதப்பதுபோல் தோன்றும். இவை வெளியில் நிற்கச் செய்தவை, பகலில் வானத்தின் நீலத்தையும் மாலையில் பொன்னிறத்தையும் வாங்கிக்கொள்ளும் என்று ஸ்மித்தே விளக்கியிருக்கிறார். மியூசியத்தின் நிலையான விளக்கொளியில் அதே சிற்பம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. வரிசையில் எல்லாம் ஒரே தரம் என்றும் சொல்வதற்கில்லை. வாயில்போன்று வடிவம் கொண்ட கடைசிச் சிலவற்றில், வடிவத்தின் பலத்தைவிட அளவின் பலமே கூடுதலாகத் தெரிகிறது. வோல்ட்ரியின் துணிச்சல் அவற்றில் இல்லை.

இனி நிறம். எஃகைத் துருப்பிடிக்காமல் காக்க ஸ்மித் அடுக்கடுக்காக பிரைமர் ஏற்றுவார். மெர்சிடிஸ் காரின் பெயின்ட்டைப்போல மூன்று மடங்கு பூச்சு தன் சிற்பத்தில் இருக்கிறது என்று 1964-ல் ஒரு பேட்டியில் சொன்னார். அதற்குமேல் ஓவியனாக நிறம் தீட்டுவார்: தூரிகைத் தடம் தெரியும்படி, ஒரே தகட்டில் பல வண்ணம். 1962-ல் செய்த மூன்று 'வட்டம்' சிற்பங்களும் நிறம் இல்லாவிட்டால் வெறும் வளையங்கள். அவற்றை நேர்வரிசையில் நிறுத்தி ஒன்றின் ஊடாக மற்றொன்றைப் பார்க்கும்போது நிறமே அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

பெயின்ட் விஷயத்தில் அவர் நிலைப்பாடு ஊரறிந்தது. 1950-ல் செய்து சிவப்புப் பூசிய '17 ஹெச்கள்' என்ற சிற்பம் கைமாறிய பிறகு யாரோ அதன் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டார்கள். 1960-ல் அவர் கலை இதழுக்குக் கடிதம் எழுதி, அதை இனித் தன் படைப்பாக ஏற்கமாட்டேன், அதன் மதிப்பு காயலான் இரும்பின் மதிப்புதான் என்று பகிரங்கமாக அறிவித்தார். இதைவிடத் தெளிவாக ஒரு சிற்பி என்ன சொல்ல முடியும்?

1965 மே 23. வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டனுக்கு அருகே ஸ்மித் ஓட்டிச்சென்ற பிக்கப் வண்டி விபத்துக்குள்ளாகி அவர் இறந்தார். வயது 59. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ஜனாதிபதி ஜான்சன் அவரைத் தேசியக் கலைக் கவுன்சிலுக்கு நியமித்திருந்தார். அவர் ஒத்துழைப்போடு லாஸ் ஏஞ்சலஸில் தயாராகிக்கொண்டிருந்த கண்காட்சி நினைவுக் கண்காட்சியாக மாறியது. சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு மூவருக்கு: ஓவியர் ராபர்ட் மதர்வெல், வழக்கறிஞர் ஐரா லோ, விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க். நாற்பதுகளிலிருந்தே ஸ்மித்தை அமெரிக்காவின் தலைசிறந்த சிற்பி என்று எழுதி வந்தவர் கிரீன்பெர்க். அதே சமயம் ஸ்மித்தின் நிறங்கள் அவருக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

1974-ல் 'ஆர்ட் இன் அமெரிக்கா' இதழில் ரோசாலிண்ட் கிராஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஸ்மித் உயிரோடிருந்தபோது வயலில் எடுத்த படங்களையும் பின்னாளில் எடுத்த படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெள்ளையாக இருந்த சில சிற்பங்களின் பூச்சு கிரீன்பெர்க் சொன்னபடி அகற்றப்பட்டு, பழுப்பாகி, துருவோடு நின்றன. நிறம் தீட்டிய வேறு சில, மழையிலும் பனியிலும் கிடந்து உரிந்துகொண்டிருந்தன. கட்டுரை வெளியானதும் செய்தித்தாள்வரை விவகாரம் போனது. கிரீன்பெர்க் தரப்பு வாதம் இதுதான்: அந்த வெள்ளை இறுதி நிறமல்ல, நிறம் பூசுவதற்கான அடிப்பூச்சு, முற்றுப்பெறாத வேலை, எடுத்ததில் தவறில்லை.

வாதத்தின் முதல் பாதியில் உண்மை உண்டு. சில சிற்பங்களை ஸ்மித் வெள்ளையடித்து வயலில் நிறுத்தி, என்ன நிறம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் யோசித்ததுண்டு. ஆனால் முற்றுப்பெறவில்லை என்பதிலிருந்து எதிர்த்திசையில் முடிக்கலாம் என்ற உரிமை எப்படி வரும்? நிறத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வேலையைத் துருவை நோக்கித் திருப்பியது, விமர்சகர் தன் ரசனையைச் சிற்பியின் கையில் திணித்த செயல். கிரீன்பெர்க்கின் கொள்கைப்படி நிறம் ஓவியத்தின் சொத்து, சிற்பத்துக்கு அது இரவல். ஸ்மித் அந்த வேலியை மதிக்காமல் வாழ்ந்தவர். அவர் இறந்த பிறகு வேலி போடப்பட்டது. படைப்பைச் சிதைப்பதிலிருந்து கலைஞனைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் 1990-ல்தான் வந்தது. அதுவும் புதிய படைப்புகளைச் செய்த கலைஞர் உயிரோடு இருக்கும்வரைதான் காக்கும். ஸ்மித்தின் நிலை இன்று ஒருவருக்கு வந்தாலும் அந்தச் சட்டம் உதவாது.

அவர் வாழ்க்கையைத் தனி ஒரு கொல்லனின் வீரக் கதையாகச் சொல்வதும் இன்னொரு வகைக் குறைப்பு. பண்ணையில் நீண்ட ஆண்டுகள் கூட இருந்து உழைத்தவர் டோரதி டெனர். ஸ்மித்தின் கோபமும் வன்முறையும் தாங்காமல் 1950-ல் வெளியேறினார் என்பதை வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்கின்றன. 1952-ல் மணமுறிவு. அதற்குப் பிறகே, ஐம்பது வயதைத் தாண்டி, அவர் சிற்பம் செய்யத் தொடங்கினார்; 1994-ல் இறக்கும்வரை செய்தார். ஒரே வீட்டில் இரண்டு சிற்பிகளுக்கு இடமில்லாமல் இருந்தது என்பது ஸ்மித்தின் சாதனையைப் பேசும்போதே பேச வேண்டிய விஷயம்.

அவருக்குப் பின் வெல்டிங் சிற்பம் எங்கும் பரவியது. பிரிட்டனின் ஆண்டனி கேரோ 1959-ல் அமெரிக்கா வந்து ஸ்மித்தைச் சந்தித்தார், ஊர் திரும்பி 1960-ல் தன் முதல் வெல்டிங் சிற்பத்தைச் செய்தார். ஸ்மித்தின் பட்டறையில் மிஞ்சிய எஃகில் ஒரு பகுதி கடைசியில் கேரோவிடமே போனது. கேரோ பீடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிற்பத்தைத் தரையில் படரவிட்டார். ஸ்மித் கடைசிவரை நிமிர்ந்து நிற்கும் உருவத்தை விடவில்லை. அருவத்தின் எல்லைக்குப் போன பிறகும் அவர் சிற்பத்தில் ஒரு மனிதன் நிற்கும் நினைவு இருந்துகொண்டே இருந்தது. விலையும் ஏறியது. உயிரோடிருந்தபோது பெரும்பகுதி விற்காமல் வயலில் நின்ற அந்த வரிசையின் கடைசியான 'க்யூபி 28', 2005 நவம்பரில் சதபீஸ் ஏலத்தில் 2.38 கோடி டாலருக்குப் போனது. சமகாலக் கலைக்கு அதுவரை ஏலத்தில் கிடைத்த மிக உயர்ந்த விலை அது.

விலையைவிட முக்கியமான நிகழ்வு 1967-ல் நடந்தது. ஹட்சன் பள்ளத்தாக்கில் ஒரு சிறிய மியூசியம் தொடங்கியிருந்த ரால்ஃப் ஆக்டன், போல்டன் லேண்டிங் வயல்களைப் போய்ப் பார்த்துவிட்டு 13 சிற்பங்களை ஒரே மூச்சில் வாங்கினார். அவற்றைச் சுவருக்குள் வைக்க மனமில்லாமல் புல்வெளியில் நிறுத்தினார். ஸ்டோர்ம் கிங் கலை மையம் இன்று உலகம் அறிந்த திறந்தவெளிச் சிற்பப் பூங்காவாக இருப்பதற்கு அந்த 13-தான் தொடக்கம். 2017-ல் அங்கே ஸ்மித்தின் வெள்ளைச் சிற்பங்களை மையமாக வைத்துக் கண்காட்சி நடத்தினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் முற்றுப்பெறாதவை என்று ஒதுக்கப்பட்ட அதே வெள்ளை, பச்சைப் புல்லின் நடுவே கண்காட்சியின் பொருளாகவே ஆனது.

நிறத்தையும் வெயிலையும் கழித்துவிட்டால் ஸ்மித் திறமையான ஒரு கியூபிசச் சிற்பி. சேர்த்துக்கொண்டால் அவர் காலத்தில் அவருக்கு இணை இல்லை. நியூயார்க் பக்கம் போகும் வாய்ப்புள்ள வாசகர்கள் நகரத்து மியூசியங்களோடு நிறுத்திவிட வேண்டாம். நகரத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில்தான் ஸ்டோர்ம் கிங் இருக்கிறது. குளிர்காலத்தைத் தவிர்த்து, வெயில் உள்ள நாளாகப் பார்த்துப் போய், ஒவ்வொரு சிற்பத்தையும் பக்கவாட்டிலிருந்தும் ஒருமுறை பாருங்கள்.